கருப்பட்டிப் பாகில் மெல்லிய ஓட்ஸ் பிஸ்கட்: சர்க்கரை நோயாளர் இல்லத்திற்கு ஒரு பாடம்



குமாரலிங்கபுரத்துப் பக்கமிருந்து எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் அறுபது வயது கடந்த தாய் ஒருவர். பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து உட்கொள்பவர். மாத்திரையைத் தவற விடாதவர், இனிப்பைத் தொடாதவர். ஆயினும் ஒரு முறை அவருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, அதாவது எச்பிஏ1சி, முந்தைய அளவைவிட நன்றாக ஏறியிருந்தது. காரணத்தைத் தேடி அரைமணி நேரம் பேசினோம். கடைசியில் அவரே தம் பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். ஓட்ஸ் பிஸ்கட். காலையில் நான்கு, மாலையில் நான்கு, இரவு பசித்தால் இரண்டு. "நீங்கதானே டாக்டரய்யா ஓட்ஸ் சாப்பிடச் சொன்னீங்க" என்றார்.

சொன்னது உண்மை. எப்படி உண்பது, எவ்வளவு உண்பது என்பதை நாங்கள் விளக்கவில்லை. பிழை அந்தத் தாயினுடையது அன்று. பாதி சொல்லி மீதியை விட்ட எங்களுடையது. அந்த மீதியைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை. பிஸ்கட் சுடும் முறையையும் இதில் தருகிறோம். தன் கையால் அளந்து ஒரு பண்டத்தைச் செய்பவர், அதனுள் எது எவ்வளவு இருக்கிறது என்பதைப் பிறகு மறப்பதில்லை.

ஓட்ஸ் எவ்வாறு நன்மை செய்கிறது?

ஓட்ஸ் நம் மண்ணின் பயிர் அன்று. குளிர்ந்த நாடுகளில் விளைவது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் மானாவாரி நிலங்கள் அறிந்தவை கம்பும் சோளமும் குதிரைவாலியும். ஓட்ஸ் இங்கே பொட்டலத்தில் வந்த விருந்தாளி. ஆயினும் அதற்கென ஒரு தனிச்சிறப்பு உண்டு. பீட்டா-குளுகான் எனும் கரையும் நார்ச்சத்து ஓட்ஸிலும் பார்லியிலும் மிகுதி. நீரில் ஊறும்போது அது கொழகொழப்பான கூழாகிறது. ஓட்ஸ் கஞ்சி ஆறியபின் வழவழப்பாக இறுகுவதற்கு இதுவே காரணம். அதே கூழ்த்தன்மை குடலிலும் உண்டாவதால், உணவிலுள்ள மாவுச்சத்து மெதுவாகவே குருதியில் சேர்கிறது. பித்தநீரின் ஒரு பகுதி குடலிலிருந்து மீண்டும் உறிஞ்சப்படாமல் வெளியேறுகிறது. இழந்த பித்தநீரை ஈடுசெய்யக் கல்லீரல் குருதியிலுள்ள கொலஸ்டிராலை எடுத்துப் பயன்படுத்துவதால் கெட்ட கொலஸ்டிரால் ஓரளவு குறைகிறது.

நாளொன்றுக்கு 3 கிராம் பீட்டா-குளுகான் என்பதே இப்பயனுக்குரிய அளவு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இல் ஓட்ஸ் பொட்டலங்களில் இதய நலன் குறித்த வாசகத்தை அனுமதித்தபோதும் இந்த அளவையே அடிப்படையாகக் கொண்டது. 100 கிராம் ஓட்ஸில் ஏறக்குறைய 4 கிராம் பீட்டா-குளுகான் உண்டு. ஆகவே 3 கிராம் பெறுவதற்குச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் தேவை. சர்க்கரை சேர்க்காத கஞ்சியாகவோ காய்கறி சேர்த்த உப்புமாவாகவோ இரண்டு வேளையில் இதனை உண்டுவிடலாம். பிஸ்கட்டாக உண்டால் என்னவாகும் என்பதைப் பின்னர்க் கணக்கிட்டுப் பார்ப்போம்.

மென்மையும் மெல்லும் பதமும் எங்கிருந்து வருகின்றன?

ஓட்ஸ் பிஸ்கட் இரண்டு வகை. தடித்து, கடித்தால் உதிர்வது ஒன்று. மெல்லியதாய்ப் பரந்து, ஓரம் மொறுமொறுவென்றும் நடு சற்றே இழுபட்டு மெல்லத்தக்கதாகவும் இருப்பது மற்றொன்று. நாம் செய்யப்போவது இரண்டாம் வகை. இந்தப் பதத்தைத் தருபவை நான்கு.

முதலாவது, உருக்கிய வெண்ணெய். கட்டியான வெண்ணெயைக் குழைத்துச் சேர்த்தால் மாவில் காற்று புகுந்து பிஸ்கட் எழும்பும். உருக்கிச் சேர்த்தால் காற்று குறைந்து, மாவு பரந்து மெலியும்.

இரண்டாவது, பாகு. இனிப்பு சுவைக்கு மட்டுமன்று. அது நீரைப் பற்றிக்கொள்ளும். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் கரும்புச் சர்க்கரையோடு சிறிதளவு குளுகோஸும் ஃப்ரக்டோஸும் இருப்பதால் அவை ஈரத்தை இன்னும் உறுதியாகப் பிடித்துவைக்கின்றன. பிஸ்கட்டின் நடுப்பகுதி ஆறியபின்னும் இறுகிப்போகாமல் மெல்லும் பதத்தில் நிற்பது இதனால்தான்.

மூன்றாவது, மாவின் குறைவு. கோதுமை மாவு மிகுந்தால் பிஸ்கட் தடித்து ரொட்டி போலாகும். இங்கே ஓட்ஸே முதன்மை. மாவு அதனைப் பிணைப்பதற்கு மட்டும்.

நான்காவது, நேரம். நடுப்பகுதி இன்னும் வேகாதது போல் தோன்றும்போதே இறக்கிவிட வேண்டும். தட்டின் சூட்டிலேயே அது மீதி வெந்துவிடும். நடு இறுகும் வரை அடுப்பில் விட்டவர் கையில் கிடைப்பது மொறுமொறுப்பு. மெல்லும் பதம் அன்று.

இந்த நான்கில் இரண்டு, கொழுப்பும் சர்க்கரையும் என்பதைக் கவனியுங்கள். மெல்லும் பதமுள்ள எந்த ஓட்ஸ் பிஸ்கட்டும் இவ்விரண்டும் இன்றி அமையாது. ஆகவே "சர்க்கரை நோயாளிகளுக்கான ஓட்ஸ் பிஸ்கட்" என்ற சொற்றொடரைக் கேட்கும்போது சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

முட்டையின்றிச் செய்யும் வழி

முதல் உலகப்போர்க் காலத்து ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் பெயரால் 'ஆன்ஸாக்' பிஸ்கட் என்று ஒன்று அந்நாடுகளில் வழங்குகிறது. ஓட்ஸ், மாவு, வெண்ணெய் ஆகியவற்றை முட்டையின்றிச் சர்க்கரைப் பாகினால் பிணைத்துச் செய்வது அது. சூடான பாகில் சோடாவைக் கலந்து நுரைக்கவிட்டு மாவில் ஊற்றுவது அதன் முறை. பாகு காய்ச்சுவதை நம் தாய்மார்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அங்கே பொன்னிறப் பாகு இருந்த இடத்தில் இங்கே கருப்பட்டிப் பாகை வைத்தால் போதும், பண்டம் நம்முடையதாகிவிடுகிறது.

தேவையானவை (20 பிஸ்கட்டுக்கு):

ஓட்ஸ் அவல் – 100 கிராம் (சுவையூட்டப்படாதது, மசாலா ஓட்ஸ் கூடாது)
கோதுமை மாவு – 60 கிராம் (இதில் பாதியைக் குதிரைவாலி மாவாகவோ கம்பு மாவாகவோ மாற்றிக்கொள்ளலாம்)
உப்பில்லாத வெண்ணெய் – 80 கிராம்
கருப்பட்டி – 80 கிராம்
தண்ணீர் – 3 மேசைக்கரண்டி
ஆப்பசோடா – கால் தேக்கரண்டி
சுக்குப்பொடி – அரைத் தேக்கரண்டி

வீட்டில் தராசு இல்லையென்றால் மளிகைக் கடையிலேயே இந்த அளவுகளில் எடைபோட்டு வாங்கிவிடுங்கள். கண்ணளவு இங்கே வேண்டாம். அளவு மாறினால் பின்னே வரும் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

செய்முறை:

1. கருப்பட்டியைத் தட்டி, தண்ணீரில் இட்டு இளஞ்சூட்டில் கரையுங்கள். கரைந்ததும் வடிகட்டுங்கள். கருப்பட்டியில் மணலும் தூசும் இருப்பது இயல்பு, பல்லுக்கு ஆகாது. கம்பிப் பதம் தேவையில்லை, கரைந்தால் போதும்.

2. வடிகட்டிய பாகில் வெண்ணெயைச் சேர்த்து, உருகும் வரை மட்டும் சூடாக்கி இறக்குங்கள்.

3. ஒரு தேக்கரண்டி வெந்நீரில் ஆப்பசோடாவைக் கரைத்துப் பாகில் ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கும், ஆகவே பாத்திரம் ஆழமாக இருக்கட்டும். சோடா பிஸ்கட்டைப் பரவச் செய்வதோடு நல்ல பழுப்பு நிறத்தையும் தருகிறது. கால் தேக்கரண்டிக்கு மேல் இட்டால் சவர்க்காரச் சுவை வந்துவிடும்.

4. ஓட்ஸ், மாவு, சுக்குப்பொடி மூன்றையும் கலந்து, அதில் பாகை ஊற்றிக் கரண்டியால் பிசறுங்கள். பத்து நிமிடம் மூடிவையுங்கள். அதற்குமேல் ஊறினால் ஓட்ஸ் ஈரத்தை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும், பிஸ்கட் பரவாது.

5. மாவை 20 சம உருண்டைகளாக்குங்கள். ஒவ்வொன்றும் சிறு நெல்லிக்காய் அளவு. வெண்ணெய் தடவிய தட்டில் இடைவெளி விட்டு வைத்து, ஈரக்கையால் அரை சென்டிமீட்டருக்கும் குறைவான கனத்தில் தட்டுங்கள். அடை தட்டிய கைக்கு இது எளிது.

6. ஓவன் இருந்தால் முன்னதாகவே 175 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, 10 முதல் 12 நிமிடம் சுடுங்கள். இல்லையென்றால் அடிகனமான இரும்புச் சட்டியில் ஒரு விரல் உயரத்திற்கு உப்பு பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, மூடி, பத்து நிமிடம் சூடாக்குங்கள். பிறகு தட்டை வளையத்தின்மேல் வைத்து மூடிச் சிறுதீயில் 15 நிமிடம் விடுங்கள். ஒவ்வோர் அடுப்பின் தீயும் வேறு; முதல் ஈட்டில் இரண்டு மட்டும் வைத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. குக்கரில் தண்ணீரின்றிச் சுடுவதைத் தவிர்க்கச் சொல்கிறோம். அது அதற்கான கலன் அன்று.

7. ஓரம் பழுத்து, நடு இன்னும் மென்மையாக இருக்கும்போது இறக்குங்கள். பத்து நிமிடம் தட்டிலேயே விடுங்கள். சூட்டோடு எடுத்தால் உடையும்.

பாதி மாவைக் குதிரைவாலியாக மாற்றியவர்கள், பிஸ்கட் சற்று உதிர்வதைக் காண்பார்கள். கோதுமையிலுள்ள பிணைக்கும் புரதம் சிறுதானியங்களில் இல்லை என்பதே காரணம். முழுவதையும் மாற்றினால் எடுக்கும்போதே நொறுங்கிவிடும்.

நம் பக்கத்துக் கோடையின் வறண்ட காற்றில் திறந்து வைத்த பிஸ்கட் ஒரே நாளில் இறுகிவிடும். ஐப்பசி மழையில் நமுத்துவிடும். இறுக மூடும் டப்பாவில் வைத்து நான்கைந்து நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

இப்போது கணக்கு

ஒரு பிஸ்கட்டில் ஏறக்குறைய 9 கிராம் மாவுச்சத்து, அதில் 4 கிராம் கருப்பட்டி. 4 கிராம் வெண்ணெய். சுமார் 75 கலோரி. பீட்டா-குளுகான் 0.2 கிராம்.

முன்பு சொன்ன 3 கிராம் பீட்டா-குளுகானை இந்தப் பிஸ்கட்டின் வழியாகவே பெற வேண்டுமென்று ஒருவர் நினைத்தால், நாளொன்றுக்கு 15 பிஸ்கட் உண்ண வேண்டும். அவற்றோடு 60 கிராம் கருப்பட்டியும் 60 கிராம் வெண்ணெயும் 1,100 கலோரியும் உடலுக்குள் செல்லும். அந்த வெண்ணெயில் மட்டும் சுமார் 30 கிராம் நிறைவுற்ற கொழுப்பு உண்டு. 2,000 கலோரி உண்பவருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரைப்படி நிறைவுற்ற கொழுப்பின் உச்ச வரம்பு ஏறக்குறைய 22 கிராம்தான். கொலஸ்டிராலைக் குறைக்க உண்டது கொலஸ்டிராலை ஏற்றிவிடும்.

ஆகவே ஓட்ஸ் கஞ்சி வேறு. ஓட்ஸ் பிஸ்கட் வேறு. கஞ்சி உணவு. பிஸ்கட் பலகாரம். பெயரில் ஓட்ஸ் இருப்பதால் பலகாரம் மருந்தாகிவிடாது. இந்த ஒரு பாடம் நினைவில் நின்றால் இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியது.

"கருப்பட்டி நல்லதுதானே?" என்று அடுத்து ஒரு கேள்வி எழும். வெள்ளைச் சர்க்கரையில் இல்லாத சில தாதுக்கள் கருப்பட்டியில் உண்டு, மணமும் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். சர்க்கரை நோயாளியின் குருதி பனையையும் கரும்பையும் பிரித்தறியாது. நாங்கள் கருப்பட்டியைத் தேர்ந்தது பதத்திற்காகவும் சுவைக்காகவுமே.

அப்படியானால் உண்ணவே கூடாதா?

கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் சாத்தூர்ச் சேவும் ஊர்ப்பெயரோடு வழங்கும் மாவட்டம் இது. வீட்டில் எல்லோரும் பலகாரம் உண்ணும்போது ஒருவர் மட்டும் திண்ணையில் தனித்து அமர்ந்திருப்பது எளிதன்று. முற்றும் விலக்கச் சொன்னால் பலர் மறைவாக உண்கிறார்கள். மறைவாக உண்பதற்குக் கணக்கில்லை. அதைவிட, அளவறிந்து வெளிப்படையாக உண்பது மேல்.

சர்க்கரை ஓரளவு கட்டுக்குள் இருப்பவர், வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒரு வேளைக்கு இரண்டு பிஸ்கட் உண்ணலாம். இரண்டில் 18 கிராம் மாவுச்சத்து உண்டு. அதனை வழக்கமான உணவோடு கூடுதலாகச் சேர்க்காமல், அந்த வேளையில் சோற்றையோ இட்லியையோ அதற்கேற்பக் குறைத்து ஈடுசெய்யுங்கள். இனிப்பிட்ட தேநீரோடு உண்ணாதீர்கள், மோரோடு உண்ணுங்கள். வீட்டில் குளுகோமீட்டர் இருந்தால், உண்பதற்கு முன் ஒரு முறையும் உண்ட இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறையும் பார்த்துக் குறித்துவையுங்கள். அந்த இரண்டு எண்கள் உங்கள் உடலைப் பற்றி எங்களைவிடத் தெளிவாக உங்களுக்குச் சொல்லும்.

கடையில் வாங்குவதாயின் பொட்டலத்தின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். உட்பொருள்கள் எடையில் மிகுந்தது முதலாக இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். முதலிடத்தில் மைதாவும் அடுத்துச் சர்க்கரையும் இருந்து, ஓட்ஸ் எங்கோ கடைசியில் நின்றால், அது மைதா பிஸ்கட்தான். இன்வர்ட் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் என்பனவும் சர்க்கரையின் உறவினர்களே. படிக்க இயலாத முதியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் படித்துக் காட்டலாம்.

தாழ்சர்க்கரைக்கு இது மருந்தன்று

பேணுவோர் இப்பகுதியை இருமுறை படிக்க வேண்டுகிறோம். இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு, கிளிபன்கிளமைடு போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களுக்குக் குருதிச் சர்க்கரை திடீரென 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, தடுமாறும் பேச்சு ஆகியவை அறிகுறிகள். அப்போது கைக்குக் கிட்டிய பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு அமர்ந்திருப்பது பல வீடுகளில் நடக்கிறது. ஆபத்தான வழக்கம் இது. பிஸ்கட்டிலுள்ள கொழுப்பும் நாரும் சர்க்கரை குருதியில் சேர்வதைத் தாமதப்படுத்தும். எந்த மெதுவான தன்மையை ஓட்ஸின் நற்குணம் என்று போற்றினோமோ, அதுவே இந்நேரத்தில் பகையாகிறது.

கொடுக்க வேண்டியது 15 கிராம் குளுகோஸ் மாவு, அதாவது மூன்று தேக்கரண்டி, தண்ணீரில் கலந்து. 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். ஏறவில்லையென்றால் மறுபடியும் அதே அளவு. சரியானபின், அடுத்த உணவுக்கு நேரமிருந்தால், அப்போது ஒரு பிஸ்கட் கொடுக்கலாம். அதற்குரிய இடம் அதுதான். குளுகோஸ் இல்லாத வீட்டில் சர்க்கரைக் கரைசல் கொடுக்கலாம். ஆனால் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரையும் விரைந்து பயன் தராது. அந்த மாத்திரைகள் சர்க்கரையின் செரிமானத்தையே தடுப்பவை. அவர்கள் வீட்டில் குளுகோஸ் எப்போதும் இருந்தாக வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றவோ திணிக்கவோ கூடாது. உடனே 108க்கு அழையுங்கள்.

யார் தவிர்க்க வேண்டும்?

பக்கவாதத்திற்குப் பின் விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் பல்லிழந்த முதியவர்களுக்கும் மெல்லும் பதமுள்ள எந்தப் பண்டமும் தொண்டையில் சிக்கக்கூடும். அவர்களுக்கு நன்கு வெந்த ஓட்ஸ் கஞ்சியே ஏற்றது. விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு அதன் பதத்தையும் மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள். சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு ஓட்ஸிலுள்ள பாஸ்பரசும் கருப்பட்டியிலுள்ள பொட்டாசியமும் கணக்கில் வர வேண்டியவை. உணவியலாளரைக் கேளாமல் தொடங்காதீர்கள். கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயாளிகளுக்கு இச்செய்முறை பொருந்தாது. ஓட்ஸை மட்டும் பயன்படுத்தினாலும், அரைவை ஆலையில் கோதுமை கலந்திருக்க வாய்ப்புண்டு.

அந்தத் தாயைப் பற்றி

மூன்று மாதம் கழித்து அவர் மருமகளோடு வந்தார். கையில் சிறு எவர்சில்வர் டப்பா. உள்ளே, நாங்கள் எழுதிக் கொடுத்தபடி சுட்ட பிஸ்கட்டுகள். ஓரம் சற்றுக் கருகியிருந்தது; நடு நல்ல பதம். மருமகள் ஒரு நோட்டையும் நீட்டினார். எந்த நாளில் எத்தனை உண்டார், முன்னும் பின்னும் சர்க்கரை எவ்வளவு என்பது பென்சிலில் எழுதியிருந்தது. தீபாவளி நாளில் மட்டும் நான்கு. அதையும் மறைக்காமல் எழுதியிருந்தார்கள்.

எச்பிஏ1சி ஓரளவு இறங்கியிருந்தது. பிஸ்கட்டால் இறங்கியதன்று அது. நாளுக்குப் பத்தாக இருந்தது வாரத்துக்கு நான்காகக் குறைந்ததாலும், மாலையில் கண்மாய்க்கரை வரை நடக்கத் தொடங்கியதாலும் இறங்கியது. அடுத்த இலக்குக்கு இன்னும் தொலைவு உண்டு; ஒரு மாத்திரையையும் மாற்றினோம்.

அடுத்த முறை நீங்கள் வரும்போது மருந்துச் சீட்டோடு, வீட்டில் வழக்கமாக வாங்கும் பிஸ்கட், சத்துமாவு, பானப்பொடி ஆகியவற்றின் பொட்டலங்களையும் எடுத்துவாருங்கள். காலியானவையே போதும். உணவியல் பிரிவில் உங்களோடு அமர்ந்து அவற்றின் பின்பக்கத்தைப் படிக்க நாங்கள் காத்திருக்கிறோம்.